குற்றம் நம்முடையதல்ல, ஆனாலும் சொல்லவேண்டுமா?

மோட்டார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தில் பூரண ஒற்றுமை உடையவர்கள். அவர்களுக்கு நேர்ந்த விபத்துகளில் ஒன்றுகூட அவர்களுடைய பிழையினால் நேர்ந்ததல்ல. பிழை எப்பொழுதும் எதிரே வந்தவருடையது. எதிரே யாரும் வராவிட்டால் குறுக்கே வந்த மாட்டினுடையது. மாடும் இல்லாவிட்டால் பள்ளத்தை மூடாமல் விட்ட முனிசிபாலிடியினுடையது. “நான்தான் ஐயா கவனக் குறைவாகப் போய் மோதிவிட்டேன்” என்று சொன்ன ஒரு மோட்டார்க்காரரை இந்த ஜன்மத்தில் நான் சந்தித்ததில்லை.

இவர்களுக்கு நடுவில் உண்மையாகவே பிழை செய்யாதவர்களும் சிலர் உண்டு. சிவப்பு விளக்கைக் கண்டு ஒழுங்காக நின்றிருப்பார்கள். பின்னால் வந்தவர் வந்து இடிப்பார். அந்த நிமிஷத்திலிருந்து அவர்களை ஒரு கேள்வி வாட்டத் தொடங்கும்: “இதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டுமா, வேண்டாமா?” குற்றவாளிக்கு இந்தச் சந்தேகம் வருவதில்லை. அவனுக்குக் கம்பெனியின் பணம் வேண்டும். ஆகையால் ஓடிப்போய்ச் சொல்லிவிடுவான். நிரபராதிதான் யோசிக்கிறான். யோசித்து, பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடுகிறான். அது சரிதானா என்பதே இங்கே விசாரணை.

கணக்கு உபாத்தியாயரின் கணக்கு

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு உபாத்தியாயர் சென்ற வருஷம் ஒரு நாள் மாலை, புதுச்சேரி ராஜீவ் காந்தி சதுக்கத்தில் தம்முடைய சிறிய காரை நிறுத்தி, பச்சை விளக்குக்காகக் காத்திருந்தார். நான்கு பக்கத்திலிருந்தும் வண்டிகள் வெள்ளம்போல் வந்து முட்டும் இடம் அது. பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து ‘டமார்’ என்று காரின் முதுகில் மோதியது. ஓட்டி வந்த வாலிபனும், பின்னால் உட்கார்ந்திருந்த அவன் தாயாரும் கீழே சாய்ந்தார்கள்.

நண்பர் பதறி இறங்கினார். அம்மாளைத் தூக்கி உட்கார வைத்தார். பக்கத்துக் கடையில் சோடா வாங்கிக் கொடுத்தார். “அம்மா, அடி பலமா? ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?” என்று கேட்டார். அந்த அம்மாள் இடது கையைப் பிடித்துக்கொண்டே, “ஒன்றுமில்லை தம்பி, நீங்கள் போய் வாருங்கள். பிள்ளைதான் பார்க்காமல் வந்துவிட்டான்” என்றாள். வாலிபன் இரண்டு கையையும் கூப்பினான். நண்பருக்கு மனம் இளகிவிட்டது. அவனுடைய பெயரைக் கேட்கவில்லை, வண்டி நம்பரையும் குறித்துக்கொள்ளவில்லை, வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் உபாத்தியாயர் அறையில் மகாநாடு கூடிற்று. ஒரு கட்சியார், “கம்பெனிக்குச் சொல்லியே தீரவேண்டும்” என்றார்கள். மற்றொரு கட்சியார், “சொன்னால் போனஸ் போய்விடும், ஸார்! வாயைத் திறக்காதீர்கள்” என்றார்கள். நண்பர் கணக்குப் புலி அல்லவா? கரும்பலகையில் எழுதுவதுபோல் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். அந்தக் கணக்கை வாசகர்களும் பார்ப்பது நலம்.

மோட்டார் பாலிசியில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, நம் வண்டியால் பிறருக்கு விளையும் தீங்குக்கானது; சட்டப்படி கட்டாயமானது. மற்றொன்று, நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கானது, விரும்பினால் எடுக்கலாம். இந்த இரண்டாவது பகுதியின் சந்தாவில்தான், நஷ்ட ஈடு கேட்காத வருஷங்களுக்குத் தள்ளுபடி தருகிறார்கள். முதல் வருஷத்துக்கு நூற்றுக்கு 20, பிறகு 25, 35, 45, ஐந்தாவது வருஷம் முதல் 50. ஒரு தடவை நஷ்ட ஈடு கேட்டுப் பெற்றால், பரமபதத்தில் பாம்பு கடித்ததுபோலத் தொடங்கிய கட்டத்துக்கே திரும்பவேண்டியதுதான்.

நண்பர் 50 என்ற ஏணியின் உச்சியில் இருந்தார். அவருடைய சொந்தச் சேதச் சந்தா, தள்ளுபடிக்கு முன் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நஷ்ட ஈடு கேட்டால் அடுத்த வருஷம் தள்ளுபடி இல்லை. 4,000 ரூபாய் நஷ்டம். அதற்கடுத்த வருஷம் 20 தான் கிடைக்கும், 2,400 நஷ்டம். பிறகு 2,000, பிறகு 1,200, பிறகு 400. ஆக மொத்தம் 10,000 ரூபாய்.

சரி, கிடைப்பது என்ன? பட்டறைக்காரர் கேட்டது 12,000. அதில் பிளாஸ்டிக் பம்பர் 6,000. பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிடுவார்கள், மிச்சம் 3,000. தகடு 3,000. வண்டிக்கு ஐந்து வயது கடந்துவிட்டதால் நூற்றுக்கு 40 கழிவு, மிச்சம் 1,800. கூலி 3,000. கூட்டினால் 7,800. சிறிய கார்களுக்கு முதல் 1,000 ரூபாயைச் சொந்தக்காரரே ஏற்கவேண்டும் என்பது விதி. ஆகக் கம்பெனி தருவது 6,800.

“6,800 ரூபாய் பெறுவதற்காக 10,000 ரூபாய் கொடுக்க நான் என்ன பைத்தியக்காரனா?” என்று நண்பர் பென்ஸிலைக் கீழே வைத்தார். கணக்கு அணுவளவும் பிசகவில்லை. கைக்காசைப் போட்டுப் பம்பரை மாற்றிக்கொண்டார். கம்பெனிக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

வந்தது சம்மன்

மூன்று மாதம் கழிந்தது. மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டு டிரிபியூனலிலிருந்து நண்பருக்கு ஓலை வந்தது. மனுதாரர் அந்த அம்மாள். இடது மணிக்கட்டு முறிந்து, தட்டு வைத்துச் சிகிச்சை செய்திருக்கிறார்கள். காரின் பின்புறத்தில் இருந்த நம்பரை யாரோ குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். மனுவிலோ, கார் திடீரென்று பின்னோக்கி வந்து மோட்டார் சைக்கிளை இடித்ததாக எழுதியிருந்தது!

நண்பர் கம்பெனிக்கு ஓடினார். “விபத்து நடந்ததே எங்களுக்குத் தெரியாதே! அன்றைக்கே ஏன் தெரிவிக்கவில்லை?” என்றார்கள். போலீசார், “24 மணி நேரத்துக்குள் ஏன் வந்து சொல்லவில்லை?” என்று கேட்டார்கள். சதுக்கத்தின் ஓரக் கடைகளில் காமிராக்கள் இருந்தன. கார் அசையாமல் நின்றதை அவை கட்டாயம் பார்த்திருக்கும். ஆனால் அந்த யந்திரக் கண்களின் ஞாபக சக்தி சில வாரங்கள்தான். பழைய படத்தின் மேல் புதிய படம் ஏறிவிடும். கடைக்காரர் கையை விரித்தார். சோடா கொடுத்த பையனும் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டான்.

முடிவில் லோக் அதாலத்தில் சமாதானம் ஆயிற்று. பணத்தைக் கம்பெனிதான் கொடுத்தது. நண்பருக்குச் சில நாள் விடுமுறையும் பல நாள் தூக்கமும் நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. “முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், ஸார். நான் இடிக்கவில்லை என்று எழுதிவைத்த ஒரு துண்டுக் காகிதம்கூட உலகத்தில் இல்லையே!” என்று அவர் சொன்னபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

அந்த அம்மாளை நான் திட்டப் போவதில்லை. அவள் மகனுடைய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை என்று பிறகு தெரியவந்தது. வைத்தியச் செலவுக்கு வேறு வழி இல்லாதபோது, பணம் தரக்கூடிய திசையில் விரலை நீட்டிவிட்டார்கள். மனுவில் எழுதியது பொய்; முறிந்த கையின் வலி பொய்யல்ல.

சட்டம் என்ன சொல்லுகிறது?

நண்பர் செய்த தவறு கணக்கில் இல்லை, கேள்வியில் இருந்தது. “நஷ்ட ஈடு கேட்கலாமா?” என்பது ஒரு கேள்வி. “நடந்ததைத் தெரிவிக்கலாமா?” என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கண்ட விடையை இரண்டாவதற்கும் அவர் எழுதிவிட்டார். ஊரில் முக்கால்வாசிப் பேர் செய்வதும் இதுவே.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு, விபத்து நடந்தால் ஓட்டுநர் செய்யவேண்டியவற்றைச் சொல்கிறது. ஒருவருக்குக் காயமோ, மூன்றாம் மனிதரின் உடைமைக்குச் சேதமோ ஏற்பட்டால், முதலில் காயமுற்றவருக்கு வைத்திய உதவி கிடைக்கச் செய்யவேண்டும். பக்கத்தில் போலீஸ்காரர் இல்லையேல், கூடிய சீக்கிரத்தில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததைச் சொல்லவேண்டும். மூன்றாவதாக, 1994-ம் வருஷத்துத் திருத்தம் சேர்த்த விதி ஒன்று இருக்கிறது: பாலிசி நம்பர், அதன் காலம், விபத்து நடந்த தேதி, நேரம், இடம், காயமுற்றவர் விவரம், ஓட்டுநர் பெயர் ஆகியவற்றை எழுத்து மூலம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்கவேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019-ம் வருஷத்துத் திருத்தம் தண்டனையை உயர்த்தியிருக்கிறது.

இந்தப் பிரிவில் எங்கேயாவது “பிழை செய்த ஓட்டுநர்” என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லை! விபத்தில் சம்பந்தப்பட்ட வண்டி என்பதே போதும். பிழை யாருடையது என்று தீர்மானிப்பது பிறருடைய வேலை. தெரிவிப்பது நம்முடைய வேலை.

பாலிசிக் காகிதத்திலும் இதே தொனிதான். விபத்து நேர்ந்து நஷ்ட ஈடு எழுமானால் உடனே எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும் என்பது முதல் நிபந்தனை. “நான் கேட்கப் போவதில்லையே?” என்று சிலர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். நாம் கேட்காமலிருக்கலாம், எதிரி கேட்கமாட்டார் என்பதற்கு யார் ஜாமீன்? வேறொரு நிபந்தனையும் கவனிக்கத்தக்கது. கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதமில்லாமல் குற்றத்தை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்குக் கொடுப்பதோ கூடாது. நம்மவர்கள் மரியாதைக்காக, “என் பேரிலும் பிழைதான், மன்னிக்கவேண்டும்” என்று சொல்லிவிடுவது வழக்கம். அந்த மரியாதை பின்னால் கோர்ட்டில் சாட்சி சொல்லும். ஆனால் காயமுற்றவருக்கு உதவி செய்வது ஒப்புதலாகாது. அது சட்டமே இடும் கடமை.

பயப்படுவோருக்கு ஓர் ஆறுதலும் உண்டு. தாமதமாகத் தெரிவித்தார் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான கோரிக்கையைத் தள்ளக்கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஆணையம் 2011-ம் வருஷத்திலேயே கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வண்டி திருட்டுப் போன வழக்குகளில் சுப்ரீம் கோர்ட்டும் 2017-லும் 2020-லும் இந்தக் கருத்தை ஒட்டியே தீர்ப்பளித்தது. ஆகவே காலந் தாழ்ந்தவர்கள் இன்றைக்காவது எழுதலாம். ஆனால் மன்னிப்புக் கிடைக்கும் என்பதற்காகப் பிழை செய்வது புத்திசாலித்தனம் அல்ல. கோர்ட்டு தாமதத்தை மன்னிக்கும். அழிந்துபோன காமிராப் படத்தைத் திருப்பித் தராது.

முசியே சொன்ன இரட்டைத் தாள்

எங்கள் தெருக்கோடியில் ஒரு பழைய சொல்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் பணி செய்து, நெடுங்காலம் பிரான்ஸில் வாழ்ந்து, இப்பொழுது கடற்கரைக் காற்றையும் பென்ஷனையும் அநுபவித்து வருகிறவர். நண்பரின் கதையைக் கேட்டதும் அவர் சிரித்தார்.

“அங்கே இந்தக் குழப்பமே கிடையாது, வாத்தியார் ஐயா. வண்டியிலேயே ஒரு பாரம் வைத்திருப்போம். ‘கொன்ஸ்தா’ என்று பெயர். இடித்தவனும் இடிபட்டவனும் ரோட்டு ஓரத்தில் நின்று ஒன்றாகப் பூர்த்தி செய்வோம். எந்த வண்டி எந்தப் பக்கம் நின்றது என்று படம்கூட வரைவோம். இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி. வேலை நாள் ஐந்துக்குள் கம்பெனிக்குப் போய்ச் சேரவேண்டும்.”

“கையெழுத்துப் போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாதா, முசியே?”

“ஆகாது. நடந்தது இது என்றுதான் எழுதுகிறோம். யார் குற்றம் என்று கம்பெனிக்காரர்கள் முடிவு செய்வார்கள்.”

“போனஸ்?”

“குற்றமில்லாதவனுக்கு ஏன் போகும்?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இதுதான் விஷயத்தின் வேர். பிரான்ஸில் 1976 முதல் ஒரு முறை இருக்கிறது. விபத்தில்லாத ஒவ்வொரு வருஷத்துக்கும் சந்தா நூற்றுக்கு 5 வீதம் இறங்கும். முழுப் பிழையும் நம்முடையதான விபத்துக்கு 25 ஏறும். பாதிப் பிழையானால் அதில் பாதி ஏறும். பிழையே இல்லையானால் ஒன்றும் ஏறாது. நம் நாட்டிலோ, சொந்தச் சேதத்துக்குப் பணம் கேட்டால், இடித்தவனுக்கும் இடிபட்டவனுக்கும் ஒரே விதி. இரண்டு பேருடைய தள்ளுபடியும் போய்விடும். நிரபராதி வாய் மூடுவதற்கு இந்த அநீதியே காரணம். தள்ளுபடியைப் பாதுகாக்கத் தனிச் சந்தா கட்டும் வசதி இருக்கிறதுதான். ஆனால் பிழை செய்யாதவன் தன் நிரபராதித்தனத்தைக் காசு கொடுத்துக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என்ன நியாயம்? 1946-ம் வருஷம் ஜூலை முதல் தேதி, 1939-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, மூன்றாம் மனிதருக்கான இன்ஷூரன்ஸ் பிரிட்டிஷ் இந்தியாவில் கட்டாயம் ஆயிற்று. பிரான்ஸில் அது கட்டாயமானது 1958-ல்தான். பன்னிரண்டு வருஷம் முந்திக்கொண்ட நாடு, இந்தச் சிறு விஷயத்தில் மட்டும் பின்தங்குவானேன்? இதை மாற்றும்படி கேட்பதற்குப் பொது ஜனங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஒரு கோட்டையின் கதை

உண்மையை மறைக்காமல் சொல்வது என்ற இந்தத் தர்மம் இன்ஷூரன்ஸ் உலகத்துக்கு எப்படி வந்தது? அதிலும் பிரெஞ்சுக்காரருக்கு ஒரு பங்கு உண்டு. சுமத்ரா தீவில் பெங்கூலன் என்ற இடத்தில் ஆங்கிலேயருக்கு மார்ல்பரோ கோட்டை என்று ஒன்று இருந்தது. அதன் கவர்னர் ஜார்ஜ் கார்ட்டர், அந்நியர் கோட்டையைப் பிடித்துவிட்டால் ஏற்படும் நஷ்டத்துக்கு லண்டனில் இன்ஷூரன்ஸ் எடுத்தார். அவர் பயந்தபடியே, 1760-ம் வருஷம் தெஸ்தேன் பிரபுவின் தலைமையில் பிரெஞ்சுக்காரர் வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டனர். (அடுத்த வருஷம் ஜனவரியில் நம் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துப் பழி தீர்த்துக்கொண்டனர் என்பது வேறு கதை.) கோட்டை பலவீனமானது என்பதைக் கார்ட்டர் மறைத்துவிட்டார் என்று சொல்லி, இன்ஷூரன்ஸ் கொடுத்த போம் என்பவர் பணம் தர மறுத்தார்.

1766-ல் மான்ஸ்பீல்டு பிரபு இதில் தீர்ப்பளித்தார். இன்ஷூரன்ஸ் என்பது நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். ஒருவருக்கு மட்டும் தெரிந்த முக்கியமான விஷயத்தை மறைப்பது ஒப்பந்தத்தையே கெடுக்கும். இந்தக் கடமை இரு தரப்புக்கும் உண்டு என்றார். ஆனால் பிரெஞ்சுக்காரரால் ஆபத்து என்பது லண்டனில் இருந்தவர்களும் அறிந்ததே என்று சொல்லி, கார்ட்டருக்கே வெற்றி கொடுத்தார். இன்று வரையில் உலகத்து இன்ஷூரன்ஸ் சட்டமெல்லாம் இந்தத் தீர்ப்பை ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறது.

கோட்டைக்குச் சொன்ன நியாயம் பம்பருக்கும் பொருந்தும். வேறு கம்பெனிக்கு மாறும்போது, “சென்ற வருஷம் நஷ்ட ஈடு எதுவும் எழவில்லை” என்று நாம் கையெழுத்திட்டுத் தள்ளுபடி பெறுகிறோம். அது பொய்யென்று தெரிந்தால், சொந்தச் சேதப் பகுதியின் பலன்கள் எல்லாம் பறிபோகும் என்று அந்தக் காகிதத்திலேயே அச்சிட்டிருக்கிறது. நூறு பேரில் எத்தனை பேர் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள்?

ஆகவே செய்யவேண்டியது

மிஷன் வீதியில் நிறுத்திவைத்த காரில், யாரோ ஸ்கூட்டர்க்காரர் ஒரு கீறல் போட்டுவிட்டுப் போகிறார். யாருக்கும் காயமில்லை, பிறர் உடைமைக்குச் சேதமில்லை, நாமும் பணம் கேட்கப் போவதில்லை. இதற்காகக் கம்பெனிக்குக் கடிதம் எழுதாவிட்டால் சட்டம் நம்மைத் தேடிவராது. படம் எடுத்துத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும். நாளைக்கு வேறொரு விபத்து நேர்ந்தால், மதிப்பீடு செய்ய வருகிறவர் பழைய கீறல் எது, புதிய கீறல் எது என்று கேட்பார் அல்லவா?

ஆனால் ஒரு மனிதர் கீழே விழுந்தார், அல்லது பிறருடைய வண்டி சேதமாயிற்று என்றால், பிழை நூற்றுக்கு நூறு எதிரியுடையதாக இருந்தாலும் தெரிவித்தே ஆகவேண்டும். முதலில் அடிபட்டவரைக் கவனியுங்கள். பிறகு இரண்டு வண்டிகளும் நின்ற நிலையைப் படம் எடுங்கள். எதிரியின் பெயர், வண்டி நம்பர், லைசென்ஸ், பாலிசி விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பார்த்தவர் இருவரின் விலாசம் வாங்குங்கள். பக்கத்தில் காமிரா இருந்தால் அந்த வாரத்திலேயே பிரதி கேளுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் தெரிவியுங்கள். அன்றைக்கோ மறுநாளோ கம்பெனிக்குச் சுருக்கமாக எழுதுங்கள். அபிப்பிராயம் வேண்டாம், நடந்தது மட்டும் போதும். கடைசியில் ஒரு வரி: “இது தகவலுக்காக மட்டும். என் வண்டியின் சேதத்துக்கு இப்பொழுது நஷ்ட ஈடு கோரவில்லை.” இந்த ஒரு வரி தள்ளுபடியைக் காப்பாற்றும், கடிதம் உங்களைக் காப்பாற்றும். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்காமல் விடாதீர்கள்.

சேதம் பெரிதானால், நம் பாலிசியைத் தொடாமல், இடித்த வண்டியின் சொந்தக்காரர் பேரிலும் அதன் கம்பெனி பேரிலும் டிரிபியூனலில் மனுச் செய்யும் வழி இருக்கிறது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் செய்யவேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் அமுலில் இருக்கிறது. வக்கீல் செலவையும் அலைச்சலையும் எண்ணி, சிறு சேதத்துக்கு இதில் இறங்குவது உசிதமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்நியர் ஆண்ட காலத்தில், சர்க்காருக்கும் கம்பெனிக்கும் எதையும் சொல்லாமலிருப்பதே சாமர்த்தியம் என்று நம் முன்னோர் நினைத்தார்கள். அதற்கு அப்பொழுது காரணம் இருந்தது. இப்பொழுது சட்டம் நம்முடையது, டிரிபியூனல் நம்முடையது, இன்ஷூரன்ஸ் நிதியில் இருப்பதும் நாமெல்லாரும் போட்ட பணம். சுதந்திர நாட்டில் மௌனம் சாமர்த்தியம் ஆகாது. பல சமயங்களில் அது உண்மையின் வாயை நாமே கட்டிப்போடுவதாக முடிகிறது.

சென்ற வாரம் கணக்கு உபாத்தியாயரின் காரை ஒரு ஆட்டோ உரசிற்று. ஆட்டோவின் கண்ணாடி உடைந்தது; ஒருவருக்கும் காயமில்லை. நண்பர் இறங்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஆட்டோக்காரர் பயந்துபோய், “எதற்கு ஸார் இதெல்லாம்? நான்தானே இடித்தேன்” என்றார்.

“அதைத்தான் எழுதப் போகிறேன், தம்பி. எனக்கு ஒரு பிரதி, உனக்கு ஒரு பிரதி” என்று சொல்லி, நண்பர் படம் வரையத் தொடங்கினார்.